இரண்டில் தொடங்கும் தாள்

அந்தத் தாளில் எண்கள் இரண்டில்தான் தொடங்கும். இரண்டு, மூன்று, நான்கு என்று பதினொன்று வரை பத்துக் கட்டங்கள், அடியில் சோதித்தவர் கையெழுத்து. ஒன்று எங்கே போனது என்று எட்டு வருடமாக யாரும் கேட்டதில்லை. தணிக்கைக்கு வந்த கோட்டுப் போட்ட ஆசாமிகள் கேட்கவில்லை, சரக்கு வாங்கிப்போகிறவர்களும் கேட்கவில்லை. ஒரே ஒரு ஆள் கேட்டார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்த மனிதர். மைக்ரோவின் அண்ணன்.

மைக்ரோ என்பது தொழிற்சாலை அவளுக்கு வைத்த பெயர். மின்னல் தடுப்புக் குழாய்களைச் சோதிக்கும் அறைக்கு அவள்தான் பொறுப்பு. சுண்டுவிரல் நுனி அளவில், வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய ஒரு பீங்கான் குழாய், உள்ளே கொஞ்சம் வாயு, இரண்டு முனையிலும் ஒரு உலோகத் துண்டு, அவ்வளவுதான் சரக்கு. வயரில் மின்னல் ஏறினால் இந்தக் குழாய்க்குள் பொறி பாய்ந்து அதை மண்ணுக்குள் இறக்கிவிட வேண்டும். பொறி பாய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளப்பது அவள் வேலை. ஒரு நொடியைப் பத்து லட்சமாக நறுக்கினால் கிடைக்கும் ஒரு துண்டுதான் மைக்ரோ செகண்டு. வாயைத் திறந்தால் அந்தக் கணக்கில்தான் பேசுவாள். சாப்பாட்டு மணி இரண்டு நிமிடம் தள்ளி அடித்தால், "பன்னெண்டு கோடி மைக்ரோ செகண்டு போச்சே" என்பாள். பிறகு பெயர் வராமல் என்ன செய்யும்.

தாளிலிருந்து ஒன்றைத் தூக்கியதும் அவள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கவனித்தாள்: ஒவ்வொரு குழாயும் முதல் அடிக்குக் கொஞ்சம் சோம்பல் முறிக்கும். நான்கு, ஐந்து மைக்ரோ செகண்டு காட்டும். அடுத்த அடியிலிருந்து இரண்டு, இரண்டு, இரண்டு என்று வரிசையாக நிற்கும். "முதல் அடி குழாயைத் தூக்கத்துலேர்ந்து எழுப்புறதுக்கு சார். அதைக் கணக்குல சேர்க்க வேண்டாம்" என்றாள். மேலாளருக்கும் பிடித்துப்போனது. தாள் பார்க்க லட்சணமாக இருந்தது. அச்சடிக்கும்போது இரண்டிலிருந்தே அடித்துவிட்டார்கள்.

அண்ணன் கல்குவாரியில் வெடி வைப்பவர். குவாரியில் அவருக்கு 'மருந்து' என்று பெயர். புதிதாக வந்த கணக்கர் ஒருவர் அதை நம்பி அவரிடம் போய்க் காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டது வேறு கதை. பாறையில் குழி போட்டு, மருந்து இறக்கி, எல்லாக் குழிகளையும் வயரால் இணைத்து, தூரத்தில் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவது அவர் தொழில். அந்த வயரில் மின்னல் இறங்கினால் பொத்தானுக்கு வேலையே இல்லை. அதற்காகத்தான் இரண்டு மாதம் முன்பு குவாரிக்கு ஒரு இரும்புப் பெட்டி வந்தது. உள்ளே தங்கை சோதித்த குழாய், மூடியில் தங்கை கையெழுத்துப் போட்ட தாள். அண்ணன் அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பார்க்கிற ஆளுக்கெல்லாம் காட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் கேட்டார்.

"பாப்பா, இது ஏன் ரெண்டுல ஆரம்பிக்குது? அச்சடிச்சவன் ஒண்ணை முழுங்கிட்டானா?"

முப்பத்தெட்டு வயதில் இன்னும் அவள் அவருக்குப் பாப்பாதான். அவள் சிரித்தாள். "உனக்கு வெடி வைக்கிறதைத் தவிர என்னண்ணா தெரியும்? பேசாம சாப்பிடு."

அண்ணியும் சேர்ந்து சிரித்தாள். அண்ணனும் சிரித்துவிட்டு, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்த வியாழக்கிழமை மதியம் சோதனை அறையில் ஒரு நல்ல காரியம் நடந்தது. எட்டு மாதமாக உடைந்துகிடந்த சோதனைப் பெட்டியின் கீலை ஃபிட்டர் ஒருவழியாக வந்து மாற்றிக்கொடுத்தார். அதுவரை மூடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, ட்யூப்லைட் வெளிச்சத்தில் திறந்தபடியே சோதித்துக்கொண்டிருந்தார்கள். இன்றுதான் மூடி மூடியாக இருந்தது. மைக்ரோ புதுக் குழாய் ஒன்றை உள்ளே வைத்து, மூடி, பொத்தானை அழுத்தினாள்.

மீட்டர் எழுபத்தொன்று காட்டியது.

வழக்கப்படி அதைப் பார்க்காத மாதிரியே அடுத்த அடி அடித்தாள். இரண்டு. அப்புறம் இரண்டு, இரண்டு, இரண்டு. பத்துக் கட்டமும் நிரம்பியது. கையெழுத்துப் போடப் பேனாவைத் தாளில் வைத்தவள், வைத்தபடியே நின்றாள். எழுபத்தொன்றா?

இன்னொரு குழாய். முதல் அடி அறுபத்துநான்கு. மூன்றாவது குழாய்க்கு மீட்டரில் எண்ணே வரவில்லை, வெறும் கோடு. நூறுக்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. மூடியைத் திறந்துவைத்து நான்காவது குழாயை அடித்தாள். மூன்று. மூடிவிட்டு ஐந்தாவது. தொண்ணூறு.

மேசை இழுப்பறையின் அடியில் பழைய சரக்கு இரண்டு கிடந்தன. மூடியை மூடியே அவற்றைச் சோதித்தாள். ஐந்து. நான்கு.

அவளுக்கு விஷயம் புரிய அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. பொறி தானாகக் கிளம்பாது. முதலில் ஒரே ஒரு எலக்ட்ரான் வாயுவுக்குள் வந்தாக வேண்டும். அது மோதி இன்னொன்றைக் கிளப்பி, அது இன்னொன்றைக் கிளப்பி, அப்படித்தான் பொறி உண்டாகும். அந்த முதல் எலக்ட்ரானைத் தர வேண்டியது முனையிலிருக்கும் உலோகம். பழைய துண்டுகளுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு உண்டு. பார்க்க அழுக்கு, ஆனால் கேட்கும் முன்பே கொடுத்துவிடும். இரண்டு மாதம் முன்பு வந்த புதுத் துண்டுகள் பூச்சில்லாத எவர்சில்வர். முகம் பார்க்கலாம், வருடக்கணக்கில் தேயாது என்று எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். அது சரியான கஞ்சப் பிசினாறி. வெளிச்சம் பட்டால் மூக்கால் அழுதுகொண்டு ஒன்றை விடும், இருட்டில் கையை இறுக்க மூடிக்கொள்ளும். ஒருமுறை பொறி பாய்ந்துவிட்டால் வாயுவுக்குள் மிச்சம் மீதி மின்சாரம் சுற்றிக்கொண்டிருக்கும். அடுத்த அடிக்கு உலோகத்தின் தயவு வேண்டாம். அதனால்தான் இரண்டாவது எப்போதும் இரண்டு.

குவாரியில் இருப்பது ரப்பர் வைத்து மூடிய இரும்புப் பெட்டி. அதற்குள் பொட்டு வெளிச்சம் கிடையாது. மின்னல் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிட்டு இறங்குவதும் கிடையாது.

நேற்று அண்ணன் பேசும்போது சொன்னது காதில் ஒலித்தது. "நாளைக்குப் பெரிய வெடி பாப்பா, நாப்பத்திரண்டு குழி. முன்னெல்லாம் எங்கயோ இடி கேட்டாலே குழியை விட்டு ஓடுவோம். இப்ப உன் பெட்டி இருக்கே. மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல பத்து எண்ற வரைக்கும் தைரியமா வேலை பாக்குறோம்."

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். குவாரிப் பக்கம் வானம் கரிச்சட்டி மாதிரி இருந்தது.

அண்ணனைக் கூப்பிட்டாள், ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. மருந்து இறக்கிய இடத்துக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது, வாசல் அறையின் அலமாரியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். குவாரி ஆபீஸ் எண்ணில் மணியே போகவில்லை.

மேலாளரின் அறைக்கு ஓடினாள். எதைச் சொன்னாலும் 'பாக்கலாம்' என்பதால் அவருக்குப் 'பாக்கலாம் சார்' என்றே பெயர் நிலைத்திருந்தது. அளவுகளை அவர் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"எல்லாமே முதல் அடியால்லம்மா இருக்கு? முதல் அடி கணக்குல இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"தப்பா சொன்னேன் சார்."

"பழசுல இப்படி வரலையே?"

"பழைய உலோகம் என் தப்பை மூடி வெச்சிருந்துது. புதுசு இருட்டுல காட்டிக் குடுத்திருச்சு. நாப்பது பெட்டி வெளிய போயிருக்கு சார், நாப்பதும் வெவ்வேற குவாரிக்கு. எல்லாத்துக்கும் இப்பவே ஃபோன் போடுங்க. பெட்டியை நம்ப வேண்டாம், இடி கேட்டா ஆளுங்களை வெளிய எடுங்கன்னு சொல்லுங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "தலைமை ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேக்காம... இன்னொரு தடவை நல்லா சோதிச்சிட்டு... பாக்கலாம்மா."

"பாக்க நேரமில்லை சார்!" அவள் மேசையில் அடித்ததில் பேனா உருண்டு கீழே விழுந்தது. எட்டு வருடத்தில் அவள் அவரிடம் குரலை உயர்த்தியதில்லை. "என் பேரைச் சொல்லுங்க. கையெழுத்துப் போட்டவளே தப்புன்னு சொல்றான்னு சொல்லுங்க. எங்க அண்ணன் அங்க உக்காந்திருக்கார் சார், என் தாளைப் பையில வெச்சிக்கிட்டு."

பதிலுக்கு நிற்காமல் இறங்கினாள். வெளியே போகும் சீட்டு கேட்ட காவலாளியை ஒதுக்கிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தாள்.

குவாரிக்கு இருபது நிமிடப் பாதை. முதல் மின்னலைப் பாலத்தின் மேல் பார்த்தாள். வாய்விட்டு எண்ணினாள். பதினெட்டில் இடி கேட்டது. லாரிகள் கிளப்பிய புழுதியில் கண் எரிந்தது. அடுத்தது பதினைந்து. அவள் அண்ணனின் மேல் கோபப்பட்டாள். இடி கேட்டால் ஓடுகிற நல்ல பழக்கத்தை எதற்கு விட வேண்டும்? பிறகு, அதை விடவைத்தது யார் என்று நினைத்ததும் அந்தக் கோபம் அப்படியே தன் மேல் திரும்பியது. சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து மனிதர் சரியான கேள்வியைக் கேட்டார். இவள் சிரித்தாள். பேசாமல் சாப்பிடு என்றாள்.

குவாரி வாசலில் சிவப்புக் கொடி கட்டியிருந்தது. காவல்காரர் கம்பைக் குறுக்கே நீட்டினார்.

"குழியில மருந்து ஏத்தியிருக்கு. வெளி ஆளு போகக் கூடாது."

"நான் மருந்தோட தங்கச்சி."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, கையெழுத்து அம்மாவா! மொதல்லயே சொல்லக் கூடாதா? போங்க, போங்க. ஃபோனை மட்டும் இங்க குடுத்திட்டுப் போங்க."

செருப்பால் அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பள்ளத்தின் விளிம்பில், லாரிகளுக்குப் பின்னால், தகரக் கூரையின் கீழ் அண்ணன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அந்த இரும்புப் பெட்டி. அதிலிருந்து புறப்பட்ட வயர் சரிவில் இறங்கி, கீழே பாறைத் தட்டில் வரிசையாக இருந்த குழிகளுக்குப் போனது. கீழே ஐந்து பேர். நான்கு பேர் குழிகளின் வாயில் மண் அடைத்துக்கொண்டிருந்தார்கள். கோடியில் ஒருவர் அடுத்த தட்டில் துளை போடும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"பாப்பா! என்ன இந்த நேரத்துல? உன் பெட்டியப் பாக்க வந்தியா?"

"எல்லாரையும் வெளிய கூப்பிடுண்ணா."

"ஏன்? இப்பதான் பன்னெண்டு எண்ணினேன். இன்னும் நேரம் இருக்கு."

"இந்தப் பெட்டி ரெண்டாவது அடியைத் தாங்கும்ணா. முதல் அடியைத் தாங்காது."

அண்ணனுக்குப் புரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து உறையை எடுத்து, உள்ளிருந்த தாளைப் பார்த்தார். விரல் இரண்டின் மேல் போய் நின்றது. விரலுக்கு மேலே வெறும் வெள்ளை.

"எட்டு வருஷமாவா?" என்றார்.

"குழாய் மாறினது ரெண்டு மாசமாத்தான். நான் பாக்காம விட்டது எட்டு வருஷமா."

அண்ணன் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து நீளமாக மூன்று முறை ஊதினார். கீழே நான்கு பேர் நிமிர்ந்தார்கள். கடப்பாரையையும் மண்சட்டியையும் போட்டது போட்டபடி சரிவில் ஓடிவரத் தொடங்கினார்கள். ஐந்தாவது ஆள் அசையவில்லை. அவருக்கு 'ரேடியோ' என்று பெயர். இயந்திரச் சத்தத்துக்காகக் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு, அந்தச் சத்தத்துக்கும் மேலே பாடிக்கொண்டே துளை போடுகிறவர். விசில் என்ன, வெடியே போட்டாலும் அவருக்குக் கேட்காது என்று கேலி செய்வார்கள்.

அண்ணன் மறுபடி ஊதினார். பிறகு விசிலை விட்டுவிட்டுச் சரிவில் இறங்கி ஓடினார்.

"அண்ணா!"

அவர் திரும்பவில்லை. மின்னல் வெட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். அண்ணன் பாதித் தூரம் இறங்கியிருந்தார், ஒரு முழங்கால் சரியில்லாத ஓட்டம். ஏழு. எட்டில் இடி கேட்டது. மைக்ரோ செகண்டில் பேசிக்கொண்டிருந்தவளுக்கு ஒரு நொடி எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. அண்ணன் ரேடியோவின் தோளைப் பிடித்துத் திருப்புவது தெரிந்தது. ரேடியோ எதையோ சுட்டிக்காட்டினார், இயந்திரத்தை அணைக்க வேண்டும் என்கிறார் போல. அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்தார். விடு, அதை விட்டுத் தொலை என்று இவள் இங்கிருந்து கத்தினாள். அவர்கள் குழி வரிசையை ஒட்டித்தான் வந்தாக வேண்டும், வேறு பாதை இல்லை. நாற்பத்திரண்டு குழி. அவள் அதையும் எண்ணினாள். எண்ணாமல் இருக்க முடியவில்லை. மழையின் முதல் துளிகள் தகரத்தில் விழுந்தன. அடுத்த மின்னலுக்கு ஐந்துதான் வந்தது.

வரிசையின் முனையைத் தாண்டினார்கள். சரிவில் ஏறினார்கள். அண்ணன் காலை இழுத்தார், இப்போது ரேடியோதான் அவரைத் தாங்கிக்கொண்டு வந்தார். மேலே வந்ததும் நான்கு பேரும் அவர்கள் கையைப் பிடித்து லாரிக்குப் பின்னால் இழுத்துப் போட்டார்கள். யாரோ மைக்ரோவின் தலையை அழுத்திக் கீழே தள்ளினார்கள்.

அடுத்த மின்னலுக்கு எண்ண இடமே இல்லை. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. நாற்பத்திரண்டு குழியும் வெடித்துப் பள்ளமே குலுங்கியது. தரை வயிற்றில் மோதியது, லாரியின் தகடு தடதடவென்று அதிர்ந்தது, பிறகு கற்கள் விழுந்தன. விழுந்துகொண்டே இருந்தன. தகரக் கூரை ஒருபக்கமாகச் சரிந்து அண்ணனின் நாற்காலி மேல் படுத்தது.

சத்தம் நின்ற பிறகு புழுதிக்குள்ளிருந்து அண்ணன் குரல் வந்தது. தலை எண்ணினார். முதலில் தன் மார்பில் கை வைத்தார். "ஒண்ணு." பிறகு ஒவ்வொரு தோளாகத் தொட்டுக்கொண்டு வந்தார். "ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. ஆறு." கடைசியில் தங்கையின் தலையில் கை வைத்து, "ஏழு" என்றார். அவள் வாய்விட்டு அழுதாள். ரேடியோ அப்போதுதான் காதிலிருந்து பஞ்சை எடுத்தார்.

வாசல் அறையில் அவளுடைய ஃபோன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. பாக்கலாம் சார். 

"முப்பத்தொன்பது எடத்துக்கும் சொல்லிட்டேம்மா. யாரையும் கேக்கல, நானே சொன்னேன். ஆறு எடத்துல குழி ஏத்தி வெச்சிருந்தாங்க, ஆளுங்களை வெளிய எடுத்திட்டாங்க. உங்க அண்ணன் குவாரிக்குத்தான் லைனே கிடைக்கல. பத்தொம்பது தடவை போட்டேன்."

"இங்கயும் வெளிய எடுத்தாச்சு சார்" என்றாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

மழை ஓய்ந்ததும் சரிந்த தகரத்துக்கு அடியிலிருந்து இரும்புப் பெட்டியை எடுத்தார்கள். ஓர் ஓரம் நசுங்கியிருந்தது, அவ்வளவுதான். உள்ளே குழாய் இரண்டாகப் பிளந்துகிடந்தது. கண்ணாடி போன்ற அந்த உலோக முகத்தில் கடுகளவு ஒரு கரும்புள்ளி.

"பாஞ்சிருக்குண்ணா" என்றாள். "வேலையைச் செஞ்சிருக்கு. எல்லாம் முடிஞ்சப்புறம்."

அண்ணன் சட்டைப்பையிலிருந்து உறையை எடுத்தார். அவள் கையை நீட்டினாள். "குடுண்ணா, கிழிச்சிடறேன்."

அவர் கொடுக்கவில்லை. தாளை வெளியே எடுத்து, பெட்டியின் மேல் வைத்து நீவிவிட்டு, குழிக் கணக்கு எழுதும் பென்சிலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"மேல எடம் இருக்கு பாரு. எழுது."

இரண்டுக்கு மேலே அவள் ஒன்று என்று எழுதினாள். எதிரே எந்த எண்ணைப் போடுவது என்று தெரியாமல், 'தாங்கவில்லை' என்று எழுதினாள். கீழே பழைய கையெழுத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று போட வந்தபோது பென்சில் நின்றுவிட்டது.

"போடு பாப்பா" என்றார் அண்ணன். "இந்தக் கையெழுத்தை நம்பி நான் உக்காருவேன்."